பிழை பொறுக்கும் விமானம்

போர் விமானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் தொடங்குவார்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை குதிரைத்திறன், இறக்கைக்கு இத்தனை துப்பாக்கிகள் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டாம் உலகப்போரின் விமானங்களை வரிசையில் நிறுத்தினால், கடைசி ஆளாகத் தலைகுனிந்து நிற்கக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். சோவியத் ஒன்றியத்தின் போ-2. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். ஐந்து சிலிண்டர் எஞ்சின், அதன் திறன் ஏறத்தாழ நூறு குதிரை. இன்று நம் தெருவில் போகும் நடுத்தரக் கார் ஒன்றின் எஞ்சினுக்குச் சமம். தலைக்கு மேல் கூரை கிடையாது. உச்சவேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் என்று புத்தகங்கள் சொல்லும். குண்டுகளைச் சுமந்துகொண்டு எதிர்க்காற்றில் போகும்போது அதுவும் கிடையாது.

ஆனால் 1941 முதல் 1945 வரை, போரின் முதல் கோடையிலிருந்து கடைசி வசந்தம் வரை, இந்த விமானம் களத்தைவிட்டு விலகவேயில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இரவில் குண்டு போட்டது, காயம்பட்டவர்களைச் சுமந்தது, காடுகளில் மறைந்திருந்த கொரில்லாக்களுக்கு மருந்தும் தோட்டாவும் கொண்டுபோனது, ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு எதிரியின் தலைக்குமேல் பிரச்சாரமும் செய்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான சான்று எதிரியிடமிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியர்கள் தங்களுடைய பழைய பயிற்சி விமானங்களைத் திரட்டி, இதே பாணியில் இரவுத் தொல்லைப் படைகளை அமைக்கத் தொடங்கினார்கள். போரில் எதிரி நம்மைப் பார்த்து நகலெடுப்பதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேறென்ன இருக்கமுடியும்?

இது எப்படி வென்றது என்று கேட்டால், பொறியியல் தெரிந்தவர்கள் அதன் மெதுவான வேகமே அதற்குக் கவசமானது என்பார்கள். இலக்கியம் படிப்பவர்கள் அதை ஓட்டிய இளம்பெண்களின் துணிவைச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது அந்த விமானத்தின் பெயரிலேயே இருக்கிறது.

போ-2 என்பது அதற்குப் பிற்காலத்தில் வந்த பெயர். பிறந்தபோது அதன் பெயர் உ-2. அந்த ‘உ’, ‘உச்சேப்னி’ என்ற ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. பயிற்சிக்குரியது, கற்பதற்கானது என்று பொருள். அதாவது இது போருக்காகப் பிறந்த விமானமே அல்ல. பறக்கத் தெரியாதவன் பறக்கக் கற்றுக்கொள்வதற்காகப் பிறந்தது.

அதை வடிவமைத்தவர் நிக்கலாய் பொலிகார்ப்பவ். ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகன், 1892இல் பிறந்தவர். 1927இல் அவர் செய்த முதல் மாதிரி தோற்றுப்போனது. அது தோற்ற கதையைத்தான் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் மாதிரியில் நான்கு இறக்கைத் துண்டுகளும் ஒரே அளவில், ஒரே வடிவில் இருந்தன. மேலே இருப்பதைக் கழற்றிக் கீழே மாட்டலாம், இடதில் இருப்பதை வலதில் மாட்டலாம். வால்பகுதியின் துண்டுகளும் அப்படியே. தொழிற்சாலைக்கு இதைவிட வசதி கிடையாது; பழுது பார்ப்பவனுக்கும் எளிது; செலவும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் மிக அறிவார்ந்த திட்டம். ஆனால் கனமான, மொண்ணையான அந்தப் பறவை ஒழுங்காகப் பறக்கவில்லை. பொலிகார்ப்பவ் மறுபடி உட்கார்ந்தார். இறக்கை முனைகளை வளைத்தார், எடையைக் குறைத்தார். 1928 ஜனவரியில் மிகயீல் கிரோமவ் என்ற புகழ்பெற்ற விமானி புதிய மாதிரியைப் பறக்கவிட்டபோது அது வேறொரு பிறவியாக இருந்தது. முதல் மாதிரி அதைச் செய்பவனின் வசதியை நினைத்துச் செய்யப்பட்டது. இரண்டாவது, அதில் உட்காரப்போகிறவனை நினைத்துச் செய்யப்பட்டது.

உட்காரப்போகிறவன் யார்? பத்தொன்பது, இருபது வயதுப் பையன். கை நடுங்கும். பதறிப்போய் விசையை அதிகமாக இழுப்பான், அல்லது இழுக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுவான். அதற்கெல்லாம் அந்த விமானம் ஈடுகொடுத்தது. அதைச் சுழலில் விழவைப்பதே கடினம் என்று ஓட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தரையிறங்கும்போது மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகம்தான். அறுவடை முடிந்த வயலோ மேய்ச்சல் நிலமோ, கொஞ்சம் சமதரை கிடைத்தால் போதும்.

நான் முப்பது ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் கடைசல் வேலை சொல்லிக்கொடுத்தவன். எங்கள் பட்டறையில் ஒரு பழைய லேத் இருந்தது. பெல்ட்டில் ஓடும் கிழட்டு எந்திரம். புதிதாகச் சேரும் பையன்களை முதலில் அதில்தான் நிறுத்துவோம். வெட்டு ஆழமாகப் போனால் பெல்ட் வழுக்கிவிடும். எந்திரம் முனகிக்கொண்டு நிற்கும். பையன் தலைநிமிர்ந்து என்னைப் பார்ப்பான். அவ்வளவுதான் சேதம். பின்னாளில் வந்த நேரடி மோட்டார் எந்திரங்களில் அதே பிழையைச் செய்தால் டூல் பறந்துவிடும், கண்ணோ விரலோ போகும். பார்வையாளர்கள் வந்தால் புது எந்திரங்களைத்தான் காட்டுவோம். ஆனால் கை பழகிய ஒவ்வொரு கடைசல்காரனும் அந்தக் கிழட்டு லேத்தின் மாணவன்தான். “பொறுமைசாலி மிஷின்” என்பார் எங்கள் பழைய ஃபோர்மேன். பொறுமை மனிதர்களுக்கு உரிய குணம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். எந்திரத்துக்கும் அது உண்டு. அதைச் செய்தவன் உள்ளே வைத்திருந்தால்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தது. முதல் நாளிலேயே சோவியத் விமானப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. அவற்றில் பெரும்பகுதி தரையில் நின்றிருந்தபடியே அழிந்தன. தொழிற்சாலைகளைப் பெயர்த்தெடுத்து ரயிலேற்றி யூரல் மலைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டியிருந்தது. அலுமினியம் இல்லை, தேர்ந்த விமானிகள் போதவில்லை. இருந்தவை இரண்டு: பறக்கும் மன்றங்களில் மரவிமானத்தில் பயின்றிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்கள் பயின்ற அந்த மரவிமானங்கள். ஒரு நாடே அவசரமாகப் போரைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த நேரத்தில், கற்பவனுக்கென்று செய்யப்பட்ட எந்திரம் கையில் இருந்தது. வேகமான விமானத்துக்குத் தேர்ந்த விமானி வேண்டும், நல்ல ஓடுதளம் வேண்டும், உலோகம் வேண்டும். இதற்கு மரமும் துணியும் பசையும் போதும்; கோடரியும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்தவன் முக்கால்வாசிப் பழுதைச் சரிசெய்துவிடுவான்.

அந்த இளைஞர்களில் பெண்களும் இருந்தார்கள். 1938இல் மாஸ்கோவிலிருந்து தூரக்கிழக்குவரை நில்லாமல் பறந்து புகழ்பெற்ற மூவரில் ஒருவரான மரீனா ரஸ்கோவா, 1941 அக்டோபரில் மூன்று பெண்கள் படைப்பிரிவுகளை அமைக்கும் அனுமதியைப் பெற்றார். வோல்கா கரையிலுள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் நவீன விமானங்கள் கிடைத்தன. 588ஆவது இரவுக் குண்டுவீச்சுப் பிரிவுக்குக் கிடைத்தது, அவர்கள் பறக்கக் கற்ற அதே உ-2. யெவ்தோக்கியா பெர்ஷான்ஸ்கயாவின் தலைமையில் 1942 கோடையில் அவர்கள் களமிறங்கினார்கள். பின்னாளில் 46ஆவது தமான் காவற்படைப் பிரிவு என்று பெயர்பெற்ற அந்தப் பிரிவில், விமானி முதல் குண்டு மாட்டுபவர்வரை கடைசிநாள் மட்டும் எல்லோரும் பெண்களே. எதிரணிச் சிப்பாய்கள் அவர்களை இரவுச் சூனியக்காரிகள் என்றார்கள்.

அவர்களுடைய விமானத்துக்கு அதே சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் தையல் எந்திரம். எஞ்சின் எழுப்பிய சத்தம் அப்படி. மிதிக்கும் தையல் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி தூங்கிப்போன பிள்ளைகள் நம்மில் பலர் உண்டு. என் அம்மா தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நள்ளிரவுவரை தைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். போர்முனையின் பதுங்குகுழியில் கிடந்தவனுக்கும் சத்தம் நிற்கும் கணமே அச்சத்தின் கணம். ஏனென்றால் இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். அப்போது கேட்பது கம்பிகளின் ஊடே காற்று சீறும் ஒலி மட்டும். அடுத்தது குண்டு.

அந்தக் குண்டுகள் பெரியவையல்ல. ஒரு விமானம் சுமப்பது இருநூறு, முந்நூறு கிலோ. பெரிய குண்டுவீச்சு விமானங்களோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் இந்த விமானம் குறிவைத்தது பாலத்தையும் கிடங்கையும் மட்டுமல்ல, தூக்கத்தையும்கூட. ஒன்று போனால் மூன்று நான்கு நிமிடத்தில் அடுத்தது வரும், அதன்பின் இன்னொன்று, விடியும்வரை. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படைகள் இரவுதோறும் இதை அனுபவித்தன. விளக்கேற்ற முடியாது, நெருப்பு மூட்ட முடியாது, வண்டியை நகர்த்த முடியாது. நான்கு இரவுகள் தூங்காத மனிதனின் கையில் உலகின் மிகச்சிறந்த துப்பாக்கியைக் கொடுத்தாலும் அது பாதித் துப்பாக்கிதான்.

விடியும்வரை வருவது என்பது சொல்ல எளிது. அதற்குத் தரையில் ஒரு ஒழுங்கு வேண்டும். பிரிவின் தலைமை அலுவலராக இருந்த இரினா ரகோபோல்ஸ்கயா பிற்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர், 2016இல் மறைந்தார். விதிமுறைப்படி ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு பணியாளர் குழு உண்டு. அந்தப் பெண்கள் அதை மாற்றினார்கள். இறங்கும் விமானத்தை எதிர்கொள்ள ஒரு குழு, எரிபொருள் நிரப்ப ஒரு குழு, குண்டு மாட்ட ஒரு குழு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எந்த விமானம் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிடும். நதேஷ்தா பொப்போவா என்ற விமானி ஒரே இரவில் பதினெட்டு முறை போய்வந்திருக்கிறார். போர் முழுவதிலும் 852 முறை. பிரிவின் மொத்தக் கணக்கு ஏறத்தாழ 24,000. சிக்கலான எந்திரத்தோடு இந்தக் கணக்கு சாத்தியமில்லை. யார் தொட்டாலும் புரிந்துவிடக்கூடிய எந்திரமாக இருந்ததால்தான், யார் வேண்டுமானாலும் எந்த விமானத்தையும் தொடும்படி வேலையைப் பிரிக்க முடிந்தது.

பயிற்சி விமானம் என்பதால் அதில் இன்னொரு வசதியும் இருந்தது. மாணவனுக்கு ஒரு இருக்கை, ஆசிரியருக்கு ஒரு இருக்கை. இரண்டு இருக்கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகள். போரில் பின்னால் வழிகாட்டி உட்கார்ந்தார். முன்னால் இருப்பவர் சுடப்பட்டுச் சரிந்தால் பின்னால் இருப்பவர் விசையைப் பிடித்து வீடு கொண்டுவந்து சேர்க்கலாம். அதனால் வழிகாட்டிகள் ஓட்டக் கற்றார்கள். தரைப்பணியாளர்கள் வழிகாட்டக் கற்றார்கள். இழப்புகளை வெளியிலிருந்து வந்த ஆட்களைக்கொண்டு ஈடுசெய்வதைவிட, தங்களுக்குள்ளேயே கற்றுக்கொடுத்து நிரப்பிக்கொண்டார்கள். குண்டு போடும் படைப்பிரிவாகவும் பள்ளிக்கூடமாகவும் ஒரே சமயத்தில் அது இயங்கியது.

மெதுவான வேகம் கவசமானது என்ற பேச்சுக்கும் வருவோம். அது உண்மைதான். வேகமான சண்டை விமானம் இதன் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டால் தன் இறக்கையின் பிடிப்பை இழந்து விழும் அபாயம் இருந்தது; குறைக்காவிட்டால் சில நொடிகளில் தாண்டிப் போய்விடும். கொரியப் போரில், 1951இல், ஜெட் யுகம் பிறந்துவிட்ட பிறகும், வடகொரியாவின் போ-2க்கள் சுவோன் விமானதளத்தில் இரவில் குண்டு போட்டு அமெரிக்காவின் சேபர் ஜெட் ஒன்றை அழித்தன. இத்தகைய மெதுவான இரவு விமானங்களை வேட்டையாடுவதற்காக 1953இல் அமெரிக்கர்கள் கடற்படையின் பழைய சுழல்விசிறி விமானங்களை வரவழைக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாத ஒன்று இருக்கிறது.

இந்த விமானம் ஓட்டுபவரின் பிழையைப் பொறுத்துக்கொண்டது. எதிரியின் தோட்டாவைப் பொறுத்துக்கொள்ள அதனிடம் எதுவும் இருக்கவில்லை. மெழுகுத்துணிபோல் மெருகு பூசிய அந்தத் துணி தீப்பிடித்தால் சில நொடிகள்தான். 1944வரை அந்தப் பெண்கள் பாராசூட் இல்லாமல் பறந்தார்கள். 1943 ஜூலை 31 இரவு, தமான் தீபகற்பத்தின் முனையில், தேடுவிளக்குகள் எரிந்தன. ஆனால் தரைப் பீரங்கிகள் மௌனமாக இருந்தன. வானில் இரவு வேட்டை விமானம் காத்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விமானங்கள் எரிந்து விழுந்தன. ஒரே இரவில் எட்டுப் பெண்கள். பின்னால் வரிசையில் வந்துகொண்டிருந்தவர்கள் முன்னால் எரிவதைப் பார்த்தபடியே வந்தார்கள். போர் முடிந்தபோது அந்தப் பிரிவு இழந்திருந்தது ஏறத்தாழ முப்பது உயிர்களை.

சோவியத் நாட்டின் பளபளப்பான பத்திரிகைத் தாளில் பாடப்புத்தகத்துக்கு அட்டைபோட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் மலிவு விலைக்கு வாங்கிய நூல்களில் வீரர்கள் புன்னகையோடு இறப்பார்கள். அந்த நூல்களுக்கு நான் கடன்பட்டவன். வாசிப்பையே அவைதான் தந்தன. ஆனால் பெல்ட் வழுக்கும் லேத்தின் முன்னால் முப்பது வருடம் நின்றவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது. கற்பவனைக் காப்பாற்றுவதற்காக எந்திரத்துக்குள் வைக்கப்பட்ட பொறுமையைப் போர் எடுத்துச் செலவழித்தது. இவ்வளவு எளிதில் கிடைக்கிற, இவ்வளவு எளிதில் ஓட்டக்கூடிய விமானம் என்பதால்தான் அந்தப் பெண்களைக் கவசமின்றி, பாராசூட்டின்றி, இரவுக்குப் பத்து முறை அனுப்ப முடிந்தது. வெற்றி என்ற சொல்லை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுதவேண்டும். அவர்கள் தங்கள் நாட்டின் மேல் ஏறிவந்த படையை எதிர்த்துத்தான் பறந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் அந்த எட்டுப்பேரின் கணக்கு குறைந்துவிடுவதில்லை.

பிழை பொறுக்கும் விமானத்தைச் செய்த பொலிகார்ப்பவுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். உ-2 பறந்த மறு ஆண்டு, 1929 அக்டோபரில், அவர் கைதுசெய்யப்பட்டார். விசாரணையில்லாமல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நிறைவேறவில்லை, அவருடைய மூளை தேவைப்பட்டது. சிறைக்குள் அமைத்த வடிவமைப்பகத்தில் உட்கார்ந்து சண்டை விமானம் வரைந்தார். அது நன்றாகப் பறந்தபிறகு, 1931இல், வெளியே விட்டார்கள். குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1956இல்தான். அவர் 1944 ஜூலை 30 அன்றே இறந்துபோயிருந்தார். இறந்தபின் உ-2க்கு அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டினார்கள். அப்படித்தான் அது போ-2 ஆனது. பயிற்சிக்குரியது என்ற பெயர் போய், செய்தவரின் பெயர் வந்தது.

1945 அக்டோபரில் பெண்கள் பிரிவு கலைக்கப்பட்டது. விமானம் கலையவில்லை. போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயல்களுக்கு மேல் தாழப் பறந்து பூச்சிமருந்து தூவியது, தபால் சுமந்தது, தொலைவிலிருந்த கிராமங்களுக்கு மருத்துவர்களைக் கொண்டுபோனது. பறக்கும் மன்றங்களில், கை நடுங்க உட்கார்ந்திருந்த புதிய பையன்களுக்கும் பெண்களுக்கும் துணையாக மீண்டும் ஆசிரியர் வந்து உட்கார்ந்தார்.